தானா கத்துக்க நல்ல பாடம் சிக்கலையா? எங்க மாட்டுதுன்னு பாத்து சரி பண்ற வழி

கடலூர் பாண்டி பக்கம் தானா எதையாவது கத்துக்க உக்காந்து பாதியில நின்னு போனவங்களுக்காக இதை எழுதறேன். நான் திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு கடைக்கு கணக்கு பாக்கறவன், சாயங்காலத்துல தெருப் பசங்களுக்கு டாலிங்கற கணக்கு சாஃப்ட்வேரும் எக்ஸெல்லும் கொஞ்சம் பைத்தான் ப்ரோக்ராமிங்கும் சொல்லித் தர்றேன், அதனால உதாரணம் எல்லாம் அதுலேந்து தான் நிறைய வரும், நடுவுல வயரிங், தையல், பிரெஞ்சும் வரும். வர்றவங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்வி, "அண்ணா நல்ல கோர்ஸ் ஒண்ணு சொல்லுங்க". இதுக்கு ஒரே பதில் கிடையாது, ஏன்னா ஒருத்தர் மாட்டிக்கிட்டு நிக்கிற இடத்தைப் பொறுத்து அவருக்கு நல்ல பாடம் எதுங்கறதே மாறுது. அதனால கோளாறு வாரியா பிரிச்சிருக்கேன், உங்களுக்கு எது பொருந்துதோ அங்க நேரா போயிடுங்க.

எல்லாரும் முதல்ல பண்ண வேண்டிய ஒரு செக்

ஒரு பேப்பர்ல ஒரு வரி எழுதுங்க, கத்து முடிச்சதும் உங்க கையில என்ன இருக்கணும்னு. "எக்ஸெல் கத்துக்கணும்"னு எழுதுனா அதை வெச்சு எந்தப் பாடம் நல்லதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. "பண்ருட்டி மண்டியில தினமும் இறங்கற முந்திரியை வியாபாரி வாரியா பிரிச்சு மாசக் கடைசில யாருக்கு எவ்ளோ பாக்கின்னு ஒரே ஷீட்ல எடுக்கணும்"னு எழுதிப் பாருங்க, உங்களுக்கு வேண்டியது டேபிள், நிபந்தனை வெச்சு கூட்டற சம்இஃப்ஸ், தொகுத்துக் காட்டற பிவட் டேபிள் இந்த மூணு தான்னு அந்த வரியே சொல்லிடும், வேலையை தானா ஓட்டற மேக்ரோ வரைக்கும் போற பெரிய கோர்ஸை தைரியமா ஒதுக்கி வெக்கலாம்.

பிரெஞ்சும் அப்படித்தான். பாண்டி ஒயிட் டவுன்ல டூரிஸ்ட்டுக்கு கைடா போறவருக்கு வேண்டியது பேச்சு, பிரெஞ்சு சர்டிஃபிகேட்டுக்கான டெல்ஃப் பரீட்சை எழுதறவருக்கு வேண்டியது மாதிரி வினாத்தாள், தாத்தா காலத்து பிரெஞ்சு பத்திரத்தை படிக்கணும்னு நினைக்கிற பாண்டிக்காரருக்கு வேண்டியது வாசிப்பும் பழைய சட்டச் சொல்லும். மூணு பேரும் ஒரே ஆப்பை டவுன்லோட் பண்ணிட்டு மூணு பேரும் "இது சரியில்ல"ன்னு சொல்றாங்க.

இந்த வரியை எழுதாம கீழ போகாதீங்க, கீழ சொல்ற எல்லாமே அதை வெச்சுத்தான்.

அறிகுறி: தேடுனா ஆயிரம் வீடியோ வருது, எதை எடுக்கறதுன்னு தெரியல

வியூஸ் எவ்ளோ, கமெண்ட்ல எத்தனை பேர் சூப்பர்னு போட்டிருக்காங்கன்னு பாத்து தான் நிறைய பேர் எடுக்கறாங்க, அது அந்த ஆளு நல்லா பேசறாரான்னு காட்டும், நல்லா கத்துக்கலாமான்னு காட்டாது.

முதல்ல சிலபஸ் எடுங்க, வீடியோ அப்புறம். எந்த விஷயத்துக்கும் யாரோ ஒருத்தர் எதுக்கு அப்புறம் எதுன்னு யோசிச்சு வரிசை போட்டு வெச்சிருப்பாங்க. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தற என்பிடெல் சைட்ல ஒவ்வொரு கோர்ஸுக்கும் வாரம் வாரம் என்ன பாடம்னு போட்டிருப்பாங்க, எலெக்ட்ரீஷியன், வெல்டர், ஃபிட்டர் மாதிரி தொழிலுக்கு ஐடிஐ சிலபஸும் நிமி நிறுவனம் போடற புத்தகமும் பாரத் ஸ்கில்ஸ் சைட்ல இலவசமா இருக்கு, சாஃப்ட்வேர்னா அதை உருவாக்குனவங்க எழுதுன மேனுவலோட பொருளடக்கமே ஒரு சிலபஸ் தான். அந்த லிஸ்ட்டை எடுத்து, நீங்க எழுதுன ஒரு வரிக்கு எது எது வேணும்னு டிக் அடிச்சுக்கோங்க. பாதிக்கு மேல டிக் விழாது, அது நல்லது தான்.

அப்புறம் அந்த டிக் விழுந்ததுல இருக்கறதுலயே குழப்பமான ஒரு தலைப்பை எடுத்து, அதை மட்டும் மூணு பேர் எப்படி சொல்லித் தர்றாங்கன்னு பாருங்க. முதல் வீடியோவை பாக்காதீங்க, அறிமுகத்தை எல்லாரும் அழகா தான் பண்ணுவாங்க, வழுக்கற இடத்துல தான் ஒரு வாத்தியார் யாருன்னு தெரியும்.

எக்ஸெல்னா லிஸ்ட்லேந்து விலை மாதிரி விவரத்தை தேடி எடுக்கற விலுக்கப் ஃபார்முலாவை எடுங்க. அதுல நாலாவதா ஒரு இடம் இருக்கு, அதை எழுதாமலே விட்டா எக்ஸெல் கிட்டத்தட்ட பொருந்தறதை எடுத்துக்கும், லிஸ்ட் ஏறுவரிசைல இல்லன்னா எந்த எர்ரரும் காட்டாம தப்பான விலையை எடுத்துக் குடுத்துடும், கடையில பில் போட்டு அனுப்பினதுக்கு அப்புறம் தான் தெரியும். அங்க ஃபால்ஸ்னு போடணும், ஏன் போடணும்னு காரணத்தோட சொல்றவர் நல்ல வாத்தியார், "இங்க ஃபால்ஸ்னு போட்டுக்கோங்க"ன்னு சொல்லிட்டு நகர்றவர் சுமார், அதைப் பத்தி பேசவே பேசாதவரை விட்டுடுங்க. பைத்தான்னா பிரிண்ட்டுக்கும் ரிட்டர்னுக்கும் என்ன வித்தியாசம்னு எப்படி சொல்றாருன்னு பாருங்க. வயரிங்னா மெயின் போர்டுல வர்ற ரெண்டு பாதுகாப்பு ஸ்விட்ச்ல எம்சிபி எதுக்கு ஆர்சிசிபி எதுக்குன்னு பாருங்க: எம்சிபி ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் தான் ட்ரிப் ஆகும், ஆள் மேல கரண்ட் பாயறப்போ காப்பாத்தறது ஆர்சிசிபி, வீட்டுக்கு 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே ட்ரிப் ஆகற மாதிரி வைக்கணும். "எம்சிபி போட்டாச்சு இனிமே ஷாக் அடிக்காது"ன்னு ஒரு வீடியோ சொல்லுச்சுன்னா அந்த சேனல் பக்கமே போகாதீங்க, இது உயிர் விஷயம்.

ஒரு விஷயம் உங்களுக்கு சுத்தமா புதுசுன்னா எது வழுக்கற இடம்னே தெரியாது இல்லையா, அதுக்கு அந்த வேலையை தினமும் செய்யற ஒருத்தர் கிட்ட "புதுசா வர்றவங்க எதுல தப்பு பண்ணுவாங்க"ன்னு ஒரு கேள்வி கேட்டா போதும். நல்ல கோர்ஸ் எதுன்னு கேட்டா அவங்களுக்கு தெரியாம இருக்கலாம், இதைக் கேட்டா கண்டிப்பா சொல்லுவாங்க.

இன்னொண்ணு, தேடும்போது பெஸ்ட்ங்கற சொல்லை எடுத்துட்டு எக்சர்சைஸ், ப்ராப்ளம் செட், சிலபஸ் இதுல ஒண்ணை சேத்து தேடுங்க, வர்ற ரிசல்ட்டே வேற மாதிரி இருக்கும்.

அறிகுறி: பாக்கும்போது எல்லாம் புரியுது, மூடிட்டு செய்ய உக்காந்தா கை ஓடல

என் கிட்ட வர்றவங்கள்ல அதிகம் பேருக்கு இருக்கற கோளாறு இது, அதே நேரத்துல அவங்க தன்னைத் தானே ரொம்ப தப்பா நினைச்சுக்கற இடமும் இதான், "எனக்கு மண்டையில ஏறாது அண்ணா"ன்னு சொல்லுவாங்க. மண்டையில ஒரு குறையும் இல்ல. அடுத்தவர் செய்யறதை பாத்து தலையாட்டற வேலையும், ஒண்ணுமில்லாத இடத்துலேந்து நாமளே ஞாபகத்துல எடுத்து செய்யற வேலையும் வேற வேற, முதல் வேலையை எவ்ளோ பண்ணாலும் ரெண்டாவது தானா வராது.

இதை பரிசோதனை பண்ணியே பாத்திருக்காங்க. 2006ல ரோடிகர், கார்பிக்னு அமெரிக்காவுல ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பாடத்தை குடுத்து, ஒரு பக்கம் திரும்பத் திரும்ப படிக்க விட்டாங்க, இன்னொரு பக்கம் படிச்சுட்டு மூடி வெச்சு ஞாபகத்துலேந்து எழுத விட்டாங்க. 5 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா திரும்பத் திரும்ப படிச்சவங்க தான் மேல. ஒரு வாரம் கழிச்சு வெச்சா தலைகீழா மாறிடுச்சு, மூடி வெச்சு எழுதுனவங்களுக்கு தான் அதிகம் ஞாபகம் இருந்துச்சு. அந்த முதல் 5 நிமிஷம் தான் நம்மளை ஏமாத்துது, வீடியோ முடிஞ்ச உடனே எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும்.

அதனால இந்த கோளாறுக்கு இன்னொரு வீடியோ மருந்து ஆகாது. உங்க வேலையை செக் பண்ணி தப்பை காட்டற பாடம் வேணும். பாடம் எடுக்கும்போதே இதுல பயிற்சி இருக்கா, விடை இருக்கா, நான் செஞ்சது சரியான்னு எனக்கு எப்படி தெரியும்னு பாருங்க, இந்த மூணாவது கேள்விக்கு பதில் இல்லாத பாடம் எவ்ளோ அழகா இருந்தாலும் அது பாதிப் பாடம் தான்.

ப்ரோக்ராமிங்குக்கு இது நிறையவே கிடைக்குது. ஹார்வர்டோட சிஎஸ்50 கோர்ஸை இலவசமா யார் வேணா படிக்கலாம், அதுல ஒவ்வொரு வாரமும் ஒரு ப்ராப்ளம் செட், நீங்க எழுதுன கோடை அவங்க ப்ரோக்ராமே ஓட்டிப் பாத்து எந்த டெஸ்ட்ல ஃபெயில் ஆகுதுன்னு சொல்லும். கஷ்டமான கோர்ஸ் தான், ஆனா கஷ்டம் சரியான இடத்துல இருக்கும். எக்சர்சிஸம்னு ஒரு சைட், அதுவும் இலவசம், சின்னச் சின்ன கணக்கா குடுத்து டெஸ்ட்டோட வரும். கணினி அடிப்படை, லிப்ரே ஆபீஸ், லினக்ஸ், ஜிம்ப் இதெல்லாம் தமிழ்லயே வேணும்னா ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் ட்யூட்டோரியல், ஒவ்வொண்ணும் சுமார் 10 நிமிஷம், ஸ்க்ரீன்ல ஒரு பக்கம் வீடியோ இன்னொரு பக்கம் சாஃப்ட்வேர் வெச்சுக்கிட்டு அவங்க செய்யச் செய்ய நீங்களும் செய்யணும், கடைசில ஒரு அசைன்மெண்ட்டும் இருக்கும். அந்த அசைன்மெண்ட்டை விட்டுட்டு அடுத்த வீடியோவுக்கு ஓடறவங்க தான் திரும்ப இதே கோளாறோட வர்றாங்க.

பயிற்சி இல்லாத பாடம் தான் கிடைச்சுதுன்னாலும் வழி இருக்கு. வீடியோ பாத்து முடிச்சு, மூடி, காலி ஷீட்டை திறந்து அதே விஷயத்தை எதையும் பாக்காம செய்யுங்க, நின்னு போற இடத்துல மட்டும் திரும்ப திறந்து பாருங்க, அப்புறம் ஒரே ஒரு விஷயத்தை மாத்தி செய்யுங்க. அவர் மளிகைக் கடை ஸ்டாக் போட்டாருன்னா நீங்க மீன் ஏலக் கணக்கு போடுங்க, கிலோவும் கூடையும் கலந்து வர்ற மாதிரி. மாத்தும்போது எங்க உடையுதோ அது தான் உங்களுக்கு இன்னும் வராத பாடம்.

டாலிக்கு ஒரு தனிக் குறிப்பு, ஏன்னா இதுல மாட்டி விட்டுட்டு போனவங்களை நிறைய பாத்திருக்கேன். டாலிபிரைமை லைசென்ஸ் இல்லாம எஜுகேஷனல் மோட்ல இலவசமாவே ஓட்டலாம், ஆனா அதுல மாசத்துல 1, 2, 31 இந்த தேதில தான் என்ட்ரி ஏத்துக்கும். 15ஆம் தேதி பில்லை போட்டா வாங்காது, சாஃப்ட்வேர் கெட்டு போச்சுன்னு நினைச்சு மூடிடறாங்க. எல்லா என்ட்ரியையும் 1ஆம் தேதில போட்டு பழகுங்க, கத்துக்கறதுக்கு அது தாராளமா போதும், காசு குடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டிய அவசியமே இல்ல.

அறிகுறி: முதல் பத்து நிமிஷத்துலயே தலைக்கு மேல போகுது

பாடம் மோசம்னு உடனே முடிவு பண்ணாதீங்க, அதுக்கு முந்தின படி ஒண்ணு உங்களுக்கு விட்டு போயிருக்கு. மெஷின் லேர்னிங் வீடியோவுல மேட்ரிக்ஸ்னு சொன்ன இடத்துல நின்னுட்டா பிரச்சனை மெஷின் லேர்னிங் கிடையாது, பதினொண்ணாம் வகுப்பு கணக்கு. புரியாத சொல் எல்லாத்தையும் எழுதிக்கிட்டே வாங்க, அதுல முதல்ல வந்த சொல் எதுவோ அங்கேந்து கீழ இறங்குங்க.

கீழ இறங்க நம்ம கிட்ட இருக்கற நல்ல படிக்கட்டு தமிழ்நாடு பாடநூல். பெரியவங்க ஸ்கூல் புக்கைப் போய் எடுக்கறதான்னு கூச்சப்படறாங்க, அந்த கூச்சம் வேண்டாம். புதுப் பாடத்திட்டத்துல பதினொண்ணாம் வகுப்பு கணினி அறிவியல்ல சி++, பன்னெண்டாம் வகுப்புல பைத்தானும் டேட்டாபேஸுக்கான எஸ்கியூஎல்லும் இருக்கு, கணினி பயன்பாடுகள் பாடத்துல வெப்சைட் செய்யறதுக்கான எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி இருக்கு, எல்லாமே தமிழ் வழிலயும் இங்கிலீஷ் வழிலயும் பிடிஎஃப்பா இலவசமா டவுன்லோட் பண்ணலாம், ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னாடி கேள்வி இருக்கும். தொழிற்கல்வி பிரிவுல மின்பொறியியல், ஆடை வடிவமைப்பு, வேளாண்மை புத்தகங்களும் இருக்கு. பாண்டில அரசுப் பள்ளிகள் இப்ப சிபிஎஸ்இக்கு மாறிடுச்சு, ஆனாலும் இந்த புத்தகத்தை டவுன்லோட் பண்ண பாண்டிக்காரருக்கும் எந்த தடையும் கிடையாது.

அறிகுறி: நல்லதெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, அங்கயே நின்னு போயிடறேன்

இதை சோம்பேறித்தனம்னு சொல்றவங்களை எனக்கு பிடிக்காது. புது விஷயத்தையும் புது மொழியையும் ஒரே நேரத்துல சுமக்கறது நிஜமாவே கஷ்டம். ரெண்டையும் பிரிச்சுடுங்க. கருத்தை தமிழ்ல வாங்கிட்டு, அப்புறம் அதே பாடத்தை இங்கிலீஷ்ல திரும்ப பாருங்க, ஏற்கனவே தெரிஞ்ச விஷயம்ங்கறதால மொழி மட்டும் தான் மிச்சம் இருக்கும், அது சுலபமா பிடிபடும்.

தமிழ்ல என்ன இருக்குன்னா, மேல சொன்ன ஸ்போக்கன் ட்யூட்டோரியல், பாடநூல், நிமி புத்தகங்கள்ல தமிழ்ல வந்தது, என்பிடெல்லே சில கோர்ஸுக்கு தமிழ் மொழிபெயர்ப்பு குடுத்திருக்கு, கட்டற்ற மென்பொருள் பத்தி 2012லேந்து தமிழ்ல எழுதிட்டு வர்ற கணியம் சைட் இருக்கு, அவங்க மின்நூல்களை இலவசமா எடுத்துக்கலாம். விவசாயம்னா தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட அக்ரிடெக் தளம் தமிழ்லயே இருக்கு, பயிர் வாரியா பூச்சி, உரம், ரகம் எல்லாம் போட்டிருப்பாங்க, கேள்வி வந்தா கேக்க விருத்தாச்சலத்துலயும் பாண்டி குரும்பாபேட்டுலயும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு.

கம்ப்யூட்டர் கத்துக்கறவங்க ஒண்ணு மட்டும் கவனமா இருங்க, எர்ரர் மெசேஜ் பெரும்பாலும் இங்கிலீஷ்ல தான் வரும், இணையத்துல தேடணும்னாலும் அந்த வரியை அப்படியே தான் போடணும். அதனால சிண்டாக்ஸ் எர்ரர், இன்டென்டேஷன், லூப் மாதிரி தொழில் சொற்களை ஆரம்பத்துலேந்தே இங்கிலீஷ்லயே வெச்சுக்கோங்க, ஒரு நோட்டுல சொல்லு, அதுக்கு உங்க பாஷையில ஒரு விளக்கம்னு எழுதிட்டு வாங்க. தானா ஓடற மொழிபெயர்ப்பு சப்டைட்டிலை நம்பி டெக்னிக்கல் பாடம் பாக்காதீங்க, தொழில் சொல்லை எல்லாம் அது சாதாரண சொல்லா நினைச்சு மாத்திடும், குழப்பம் தான் மிச்சம்.

அறிகுறி: வீடியோவுல இருக்கற மெனு என் ஸ்க்ரீன்ல இல்ல, அப்படியே டைப் பண்ணாலும் எர்ரர் வருது

வெர்ஷன் பிரச்சனை. உங்க தப்பு கிடையாது. பாடத்தோட தேதியும் உங்க சாஃப்ட்வேர் வெர்ஷனும் முதல்ல பாருங்க.

பைத்தான்ல பிரிண்ட்டுக்கு அப்புறம் அடைப்புக்குறி இல்லாம ஒருத்தர் எழுதுறாருன்னா அது பைத்தான் 2, அதுக்கு ஆதரவு 2020 ஜனவரி 1ஓட முடிஞ்சு போச்சு, அந்த வீடியோவை மூடுங்க. எக்ஸெல்ல விலுக்கப்போட புது வடிவமான எக்ஸ்லுக்கப் ஃபார்முலா வேலை செய்யலன்னா உங்க கிட்ட 2016ஓ 2019ஓ இருக்கும், அது 2021லேந்து வந்த வெர்ஷன்லயும் 365லயும் தான் வரும், அதே தேடற வேலைக்கு நீங்க இன்டெக்ஸ் மேட்ச் கத்துக்கோங்க, எல்லா வெர்ஷன்லயும் ஓடும். டாலில கம்பெனி இன்ஃபோ மெனுவுக்கு ஆல்ட் எஃப்3 அழுத்துங்கன்னு சொன்னா அது பழைய இஆர்பி 9 பாடம், டாலிபிரைம்ல கம்பெனி மெனுவுக்கு ஆல்ட் கே. ஜிஎஸ்டி பாடம்னா இன்னும் உஷார், 2025 செப்டம்பர் 22லேந்து 12, 28 சதவீத ஸ்லாபை பெரும்பாலான பொருளுக்கு எடுத்துட்டு 5, 18னு மாத்திட்டாங்க, அதுக்கு முன்னாடி எடுத்த வீடியோவுல என்ட்ரி போடற முறையை மட்டும் எடுத்துக்கோங்க, ரேட்டை எடுத்துக்காதீங்க.

தையல், கணக்கு, அடிப்படை மின்சாரம் இதுக்கெல்லாம் பழைய பாடம் தாராளமா ஓகே.

அறிகுறி: காசு கட்டு, வேலை கேரண்டின்னு சொல்றாங்க, சேரலாமா?

சேரறதுக்கு முன்னாடி நாலு விஷயம் எழுத்துல கேளுங்க: முழு சிலபஸ், பாடம் எடுக்கப் போறது யாரு, பாதில விட்டா எவ்ளோ திரும்பக் கிடைக்கும், வேலை கேரண்டின்னா வேலை கிடைக்கலன்னா என்ன பண்ணுவாங்க. எழுத்துல தர மறுத்தா அங்கேந்து கிளம்பிடுங்க. "இன்னைக்கே கட்டுனா பாதி விலை"ன்னா கண்டிப்பா கிளம்பிடுங்க. தவணைல கட்டலாம்னு சொல்றப்போ அது அந்த சென்டருக்கு கட்டற தவணையா, உங்க பேர்ல வேற ஒரு கம்பெனி குடுக்கற கடனான்னு படிச்சுப் பாத்து கையெழுத்து போடுங்க, கடனா இருந்தா நீங்க வகுப்பை விட்டாலும் அது உங்களை விடாது. எங்க தெருவுல ஒரு பொண்ணு இப்படி ஒரு இடத்துல சேந்து ரெண்டே வாரத்துல வகுப்பு நின்னு போச்சு, மாசத் தவணை மட்டும் அவங்க அப்பா அக்கவுன்ட்லேந்து போயிட்டே இருந்துச்சு, அவர் சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலை பாக்கறவர். இதை நினைச்சா இன்னைக்கும் மனசு ஆற மாட்டேங்குது.

அந்த சிலபஸை வாங்கிட்டு வந்து அதே பாடம் இலவசமா இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் இருக்கும். என்பிடெல்ல படிக்கறது இலவசம், சர்டிஃபிகேட் வேணும்னா பரீட்சைக்கு மட்டும் கட்டணம். ஐஐடி மெட்ராஸோட டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்பு வகுப்பு வீடியோக்கள் யூட்யூப்லயே இருக்கு. காலேஜ்ல இருக்கற தமிழ்நாட்டுப் பசங்களுக்கு நான் முதல்வன் திட்டத்துல கோர்ஸ் வருது. கைத்தொழில்னா ஆர்செட்டின்னு வங்கிகள் மாவட்டத்துக்கு மாவட்டம் நடத்தற கிராமப்புற சுயவேலைவாய்ப்பு பயிற்சி நிலையத்தை விசாரிங்க, தையல், செல்போன் சர்வீஸ், டூ வீலர் ரிப்பேர் மாதிரி குறுகிய காலப் பயிற்சி, சாப்பாட்டோட இலவசம், முடிச்சா கடன் வாங்கவும் வழி காட்டுவாங்க.

காசு குடுத்தா என்ன தான் வாங்கணும்? உங்க வேலையை பாத்து திருத்தற ஒரு ஆளோட நேரத்தை. அதுக்கு குடுக்கலாம், தப்பே இல்ல. வெறும் வீடியோவுக்கு குடுக்காதீங்க.

அறிகுறி: வீடியோ பாத்து தைச்சா தோள்பட்டை தூக்கிட்டு நிக்குது, வெல்டிங் பிடிக்கல, பிரெஞ்சு வாயில வரல

கையும் வாயும் செய்யற வேலைக்கு பாடம் பாதி தூரம் தான் கூட்டிட்டு போகும். எந்த இடத்துல தப்புன்னு வெளிலேந்து ஒரு கண்ணு பாக்கணும், ஒரு காது கேக்கணும்.

தெருவுல இருக்கற டைலர் அக்கா கிட்ட "கத்துக் குடுங்க"ன்னு போனா அவங்களுக்கு நேரம் இருக்காது. நீங்க தைச்ச ஜாக்கெட்டை எடுத்துட்டுப் போய் "அக்கா, இந்த தோள்பட்டை ஏன் தூக்குது"ன்னு கேட்டா வெட்டுன துணியை பாத்த உடனே சொல்லிடுவாங்க, அந்த ஒரு நிமிஷம் பத்து வீடியோவுக்கு சமம். எந்தத் தொழிலுக்கும் இதே தான், செஞ்சதை கையில எடுத்துட்டுப் போங்க, ஒரே கேள்வி கேளுங்க, தொழில்காரர் மதிப்பார்.

பிரெஞ்சுக்கு பாண்டி மாதிரி ஊரு கிடைக்காது. 1889லேந்து இருக்கற அலியான்ஸ் பிரான்சேஸ் சுஃப்ரேன் வீதில இருக்கு, வகுப்புக்கு காசு கட்ட முடியலன்னாலும் அங்க நடக்கற பொது நிகழ்ச்சிக்கு போய் உக்காருங்க. தனியா படிக்கறதுக்கு டிவி5மோந்து சைட்ல ஏ1லேந்து பி2 வரைக்கும் நிலை வாரியா பயிற்சி இலவசம், அதுவே திருத்தியும் குடுக்கும். கொஞ்சம் தேறுனதும் ஆர்எஃப்ஐ வானொலி எளிய பிரெஞ்சுல தர்ற 10 நிமிஷச் செய்தியை எழுத்து வடிவத்தோட கேளுங்க: முதல்ல எழுத்தை பாக்காம, அப்புறம் பாத்து, அப்புறம் ஒரு நிமிஷத் துண்டை மட்டும் கூடவே பேசி உங்க குரலை போன்ல ரெக்கார்ட் பண்ணி ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க. ஆப்ல சரியான வார்த்தையை தட்டுனது வேற, வாயைத் திறந்து சொல்றது வேறங்கறது அப்ப தெரியும்.

அறிகுறி: வீட்டுல இடமில்ல, நெட்டு நிலையா இல்ல

லைப்ரரி. பாண்டில பாரதி பூங்கா பக்கம் ரோமன் ரோலண்ட் நூலகம் 1827லேந்து இருக்கு, கடலூர்ல மாவட்ட மைய நூலகம் இருக்கு, போட்டித் தேர்வுப் பசங்க கூட்டமா உக்காந்திருப்பாங்க, அந்த அமைதி நமக்கும் தொத்திக்கும். நெட்டு விஷயத்துல, ஐப்பசிலேந்து மார்கழி வரைக்கும் நம்ம கரையோரத்துல என்ன நடக்கும்னு சொல்லத் தேவையில்ல, 2011 தானே புயலும் 2024 ஃபெஞ்சல் புயலும் பாத்தவங்க நாம. மழைக்கு முன்னாடியே பாடநூல் பிடிஎஃப், ஸ்போக்கன் ட்யூட்டோரியல் வீடியோ, பைத்தான் மேனுவல் எல்லாம் போன்ல இறக்கி வெச்சுக்கோங்க. கிவிக்ஸ் ஆப் போட்டா விக்கிப்பீடியாவையே நெட்டு இல்லாம படிக்கலாம்.

அறிகுறி: ஏஐ கிட்ட கேக்கறேன், சரியா தப்பான்னு தெரியல

செஞ்சு பாத்து உடனே செக் பண்ண முடியற விஷயத்துக்கு தாராளமா கேளுங்க, கோடு எழுதிக் குடுத்தா ஓட்டிப் பாக்கலாம், ஃபார்முலா குடுத்தா தெரிஞ்ச நாலு எண்ணைப் போட்டு சரி பாக்கலாம். வரி ரேட்டு, சட்டம், மருந்து, வயரிங் இதுக்கு அது சொல்றதை கடைசி வார்த்தையா எடுக்காதீங்க, தப்பையும் அதே நம்பிக்கையோட தான் சொல்லும், அரசு தளத்தையோ தொழில்காரரையோ வெச்சு சரி பாருங்க. கத்துக்கறதுக்கு அதை பயன்படுத்த நல்ல முறை, விடை கேக்கறதை விட்டுட்டு "இந்த தலைப்புல எனக்கு அஞ்சு கேள்வி கேளு, நான் பதில் சொன்னதும் எங்க தப்புன்னு சொல்லு"ன்னு கேக்கறது.

இவ்ளோ பாத்தும் சரியாகலன்னா

யார்கிட்டயாவது கேளுங்க, ஆனா "நல்ல கோர்ஸ் சொல்லுங்க"ன்னு கேக்காதீங்க. முதல்ல எழுதுன அந்த ஒரு வரி, இதுவரைக்கும் எதை எடுத்து எது வரைக்கும் போனீங்க, எந்த இடத்துல நின்னுச்சு, ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் இருக்கு, இந்த நாலையும் சேத்து கேளுங்க. இந்த மாதிரி:

"வணக்கம் அண்ணா, நெல்லிக்குப்பத்துல எங்க மாமா உரக்கடைக்கு டாலிபிரைம்ல ஜிஎஸ்டி பில் போட்டு மாசக் கணக்கு எடுக்கணும். ஸ்டாக் ஐட்டம் உருவாக்கற வரைக்கும் தமிழ் வீடியோ பாத்து வந்துட்டேன், வாங்குன சரக்கை திருப்பி அனுப்பி பர்ச்சேஸ் ரிட்டர்ன் போட்டா ஸ்டாக் குறைய மாட்டேங்குது, அங்க நிக்கறேன். ராத்திரி ஒரு மணி நேரம் தான் கிடைக்கும். இந்த இடத்துக்கு மட்டும் ஏதாவது பாடம் தெரியுமா?"

இப்படி கேட்டா பதில் சொல்றவர் எந்த கோர்ஸையும் தேட மாட்டார், "அந்த ரிட்டர்னுக்கான டெபிட் நோட்டை சரக்கு விவரத்தோட ஐட்டம் இன்வாய்ஸ் மோட்ல போட்டியா, வெறும் தொகையை மட்டும் போட்டியா"ன்னு தான் முதல்ல கேப்பார்.